பாரம் குறைந்தவர் வழிவிடுவார்: கம்போடிய மக்களின் பயண வழிகள்

ஊர் திரும்பும் குடும்பம் முதலில் கேட்பது, "வீடு இருக்கிறதா?" என்பது. அடுத்த கேள்வி, "போய்வரப் பாதை இருக்கிறதா?" என்பது. பாதை இல்லாத ஊரில் விளைந்த நெல் களத்திலேயே கிடக்கும். நோயாளி பாயிலேயே கிடப்பார். கம்போடிய விவசாயிகள் இதை அனுபவித்து அறிந்தவர்கள்.

தாய்லாந்து எல்லை முகாம்களில் வாழ்ந்த 360,000க்கும் அதிகமான கம்போடியர், 1992 மார்ச் முதல் 1993 ஏப்ரல் வரை பஸ்களிலும் லொறிகளிலும் புகைவண்டியிலும் நாடு திரும்பினர். குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டயர், அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கர் காணி தருவதாக முதலில் சொல்லப்பட்டது. கண்ணிவெடிகள் காரணமாக அவ்வளவு காணி கிடைக்கவில்லை. பெரும்பாலானோர் பெரியவருக்கு 50 டொலர், பிள்ளைக்கு 25 டொலர் என்ற பணத்தையும் உணவுப் பங்கீட்டையும் பெற்றுக்கொண்டு, உறவினரின் ஊர்களைத் தேடிச் சென்றனர்.

முன்பெட்டியில் ஏழைகள்

போர்க்காலத்தில் புகைவண்டியின் இயந்திரத்துக்கு முன்னால் வெறும் தட்டுப்பெட்டிகளைப் பூட்டியிருந்தார்கள். தண்டவாளத்தில் கண்ணிவெடி இருந்தால் அந்தப் பெட்டியே முதலில் சிதறும். அதில் ஏறுவோருக்குக் கட்டணம் இல்லை. ஆகவே கையில் காசில்லாதவர்கள் அதில் ஏறினார்கள். பயணச்சீட்டு வாங்க முடியாதவர் தமது உயிரைப் பணயம் வைத்தார்.

மூங்கில் வண்டி

புகைவண்டி அரிதாக ஓடிய காலத்தில், பட்டம்பாங் பகுதி மக்கள் கிடந்த தண்டவாளத்தில் தாங்களே வண்டி ஓட்டினார்கள். இதன் பெயர் "நொறி". இரண்டு அச்சு, நான்கு இரும்புச் சில்லு, மேலே மூங்கில் தட்டு, அவ்வளவுதான். ஆரம்பத்தில் தோணியைப்போலக் கம்பால் ஊன்றித் தள்ளினர். பின்னர் சிறிய இயந்திரம் பூட்டினர். நெல், விறகு, ஆடுமாடு, நோயாளி எல்லாம் இதில் போயின.

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரே இன்னொரு வண்டி வந்தால்? பாரம் குறைந்த வண்டிக்காரர் இறங்கி, வண்டியைக் கழற்றி ஓரத்தில் வைப்பார். மற்றவரும் கை கொடுப்பார். பாரமான வண்டி கடந்ததும் மீண்டும் பூட்டிக்கொண்டு புறப்படுவார்கள். சில நிமிட வேலைதான். எந்தத் திணைக்களமும் எழுதாத இந்தச் சட்டத்தை எல்லோரும் மதித்தனர்.

இரும்பு மாடு

எங்கள் லான்ட்மாஸ்டர் போன்ற இருசில்லு உழவு இயந்திரத்தை அங்கே "கோயொன்" என்பர். "கோ" என்றால் மாடு. "யொன்" என்பது யந்திரம். காலையில் வயலை உழுவதும், பின்னர் பெட்டி பூட்டி ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றுவதும் அதுவே. பட்டணங்களில் மோட்டார் சைக்கிள் இழுக்கும் "ரெமொர்க்" ஓடுகிறது. தூரப் பயணத்துக்குப் பிக்கப் வண்டிகளில், உள்ளே இருப்பவருக்கு ஒரு கட்டணமும், பின்னால் மூட்டைமேல் இருப்பவருக்குக் குறைந்த கட்டணமும் வாங்கினர்.

பாலம் வந்தபோது

நியாக் லுவோங்கில் மீகொங் ஆற்றைக் கடக்க வாகனங்கள் பாதைக்காக வரிசையில் காத்துக் கிடந்தன. 2015 ஏப்ரலில் ஜப்பானிய உதவியுடன் பாலம் திறக்கப்பட்டது. பயணம் சுருங்கியது. ஆனால் காத்திருந்தோருக்குப் பழமும் சோறும் விற்றுப் பிழைத்தவர்கள் தொழிலை இழந்தனர். நின்றுபோன பயணிகள் புகைவண்டிச் சேவை, தெற்கில் 2016இலும், பொய்பெட் எல்லைவரை 2018இலும் மீண்டும் தொடங்கியது. பிரதான பாதையில் நொறிக்கு இருந்த இடம் சுருங்கியது. இப்போது அது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கை வண்டி.

அபிவிருத்தி வேண்டும், அது யாரை வழியில் இறக்கிவிடுகிறது என்றும் பார்க்க வேண்டும். 1990இல் நின்ற யாழ் தேவி, 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அந்த 24 ஆண்டுகளும் நாமும் துவிச்சக்கரவண்டியிலும் லான்ட்மாஸ்டரிலும் வாழ்க்கையை இழுத்தவர்கள்தானே. பெரும் பாதைகள் அரசின் கடமை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வழிவிடும் பழக்கமோ நம் கையில் உள்ளது.

குழுவாகப் பேசுவோம்

1. நமது ஊரில் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக மிகவும் கஷ்டப்படுபவர் யார்?

2. ஊரிலுள்ள ஒரு லான்ட்மாஸ்டரை முறை வைத்துப் பயன்படுத்த முடியுமா? எரிபொருள் செலவை எப்படிப் பகிரலாம்?

3. புதிய வீதி ஒன்று வந்தால் யார் பயனடைவர், யார் பிழைப்பை இழப்பர்?