சிம்சிட்டியில் எண்ணூர் எங்கே?

‘பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. கம்ப்யூட்டர்ல என்ன பொம்மை ரயில் ஓட்டிக்கிட்டிருக்கே?’ இந்த டயலாக் உங்கள் வீட்டிலும் ஒலித்திருந்தால் கை கொடுங்க பாஸ், நாம ஒரே கட்சி!

இப்போது கல்லூரியில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு மட்டும் ஒரு சின்ன முன்கதை. செல்போனில் சுட்டுத் தள்ளுகிற ஆட்டங்கள் வருவதற்கு முன்னால், 90-களில், நிதானமாக உட்கார்ந்து யோசித்து ஆடுகிற கம்ப்யூட்டர் கேம்கள் சக்கைப்போடு போட்டன. ‘ரெயில்ரோட் டைக்கூன்’ (1990), ‘சிவிலைசேஷன்’ (1991), ‘சிம்சிட்டி 2000’ (1993), ‘டிரான்ஸ்போர்ட் டைக்கூன்’ (1994), ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ (1997)... நகரம் கட்டலாம், ரயில் விடலாம், சாம்ராஜ்யம் நடத்தலாம். கையில் துப்பாக்கி வேண்டாம், பட்ஜெட் போடத் தெரிந்தால் போதும்.

சென்னையில் பலருக்கு இவை வந்து சேர்ந்த வழி பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் உருவான கடைவரிசை. பீச் ஸ்டேஷனில் இறங்கி, ராஜாஜி சாலையோரம் நடந்தால் பிளாஸ்டிக் உறைக்குள் சிடி அடுக்கி வைத்திருப்பார்கள். திருட்டு சிடிதான், சந்தேகமே வேண்டாம். அதில் ஒரு சிக்கல் என்னவென்றால், கூடவே கையேடு வராது. ‘ரெயில்ரோட் டைக்கூன்’ தொடக்கத்திலேயே ஓர் இன்ஜின் படத்தைக் காட்டி ‘இது எது?’ என்று கேட்கும். பதில் கையேட்டில் இருக்கும். கையேடு அமெரிக்காவில் இருக்கும். அப்புறம் என்ன, குருட்டாம்போக்கில் அடித்துப் பார்ப்பதுதான்!

விஷயத்துக்கு வருவோம். ரயிலும் துறைமுகமும் கரியும் எண்ணெயும் வைத்து ஆடும் இந்த ஆட்டங்களின் நிஜ வடிவம் நம்ம வடசென்னையில்தான் இருக்கிறது. ராயபுரத்தில் ஆரம்பித்து, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை ஒரு நாள் போய்ப் பாருங்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன், கன்டெய்னர் லாரி வரிசை, என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்-பும் வளர்ந்த திருவொற்றியூர், பக்கத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலை, அசோக் லேலண்ட், அனல் மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம். டிரான்ஸ்போர்ட் டைக்கூன் ஆடியவர்களுக்கு ‘இந்த மேப்பை நான் ஆடியிருக்கேனே!’ என்று தோன்றும்.

ஆனால் ஆட்டத்தில் இல்லாத சிலதும் அங்கே கண்ணில் படும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கரி வண்டி

டிரான்ஸ்போர்ட் டைக்கூனை எழுதியவர் கிறிஸ் சாயர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். புரோகிராமை ஏறக்குறைய முழுக்கத் தனியாளாக, அதுவும் அசெம்ப்ளி மொழியில் எழுதினார். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களே, உங்கள் மைக்ரோபிராசஸர் லேபை நினைத்துக்கொண்டு இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

ஆட்டத்தில் முதல் காசு பார்க்க எல்லோரும் செய்கிற வேலை ஒன்றுதான். நிலக்கரிச் சுரங்கம் ஒன்றைத் தேடு, தூரத்தில் ஒரு மின் நிலையத்தைத் தேடு, நடுவில் தண்டவாளம் போடு. எவ்வளவு தூரம் சுமந்தாய், எத்தனை நாளில் சேர்த்தாய் என்று பார்த்துக் கூலி வரும். பழம், தபால் மாதிரி நிலக்கரிக்கு அவசரம் கிடையாது. மெதுவாகப் போனாலும் நல்ல காசு.

எண்ணூரில் நடந்ததும் இதேதான், அளவு மட்டும் பெரிசு. ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்திலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் நம்ம ஊர், இறக்கியதும் கன்வேயர் பெல்ட்டில் மின் நிலையம். வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓட ஆரம்பித்தது 1994-ல், அதாவது டிரான்ஸ்போர்ட் டைக்கூன் வெளிவந்த அதே வருடம்! இந்தக் கரிக்காகவே முக்கியமாகக் கட்டப்பட்ட எண்ணூர் துறைமுகம் 2001-ல் திறந்தது. 2014-ல் அதற்குக் காமராஜர் பெயர் வைத்தார்கள். ஆட்டத்தில் உங்கள் கப்பலுக்கு நீங்களே பெயர் வைக்கலாம் இல்லையா? தமிழக அரசின் பூம்புகார் கப்பல் கழகமும் வைத்தது. ஒரு காலத்தில் கரி சுமந்த அதன் மூன்று கப்பல்களுக்கு ‘தமிழ் அண்ணா’, ‘தமிழ் பெரியார்’, ‘தமிழ் காமராஜ்’ என்று பெயர். அரசியலே கடலில் மிதந்திருக்கிறது.

சரி, மின் நிலையத்துக்குள் போன கரி என்ன ஆகிறது? ஆட்டத்தில் மாயமாகிவிடும். மற்ற ஆலைகளில் கணக்கு அப்படி இல்லை. உருக்காலைக்கு இரும்புத்தாது போனால் எஃகு வரும். மரம் போனால் சரக்கு வரும். மின் நிலையத்தில் மட்டும் கரி உள்ளே போகும், காசு உங்கள் கணக்கில் ஏறும், அதோடு கதை முடிந்தது. கரண்ட்கூட வெளியே வராது!

நிஜத்தில் வெளியே வருவது கரண்ட் மட்டும் இல்லை. இந்திய நிலக்கரியில் சாம்பல் பொதுவாக 30 முதல் 45 சதவீதம். நூறு டன் எரித்தால் குறைந்தது முப்பது டன் சாம்பல் மிச்சம். சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் ஒரு பகுதி போகும். மீதியைத் தண்ணீரில் கரைத்து, குழம்பாக்கி, குழாய் வழியாகச் செப்பாக்கம் என்ற கிராமத்தை ஒட்டியிருக்கும் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் பல இடங்களில் கசிந்து, கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் வருடக்கணக்காகச் சாம்பல் படிந்தது. ஆழம் குறைந்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களும், சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களும் நம்பியிருப்பது இந்தத் தண்ணீரைத்தான். வலையில் வரும் இறால் குறைந்ததற்கு எந்த ஸ்கோர் போர்டிலும் மைனஸ் விழவில்லை.

ஓரத்தில் போடு!

‘சிம்சிட்டி’ ஆடியவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். தொழிற்சாலைகளையும் கரி மின் நிலையத்தையும் மேப்பின் ஓரத்தில் கொண்டுபோய்ப் போடணும். புகை நாலு பக்கமும் பரவும்போது, மேப்புக்கு வெளியே விழுவது கணக்கில் வராது. நடுவில் பூங்கா, பணக்காரர் வீடு, ஸ்டேடியம். ஓரத்தில் புகைபோக்கி. மேயர் சார் ஹேப்பி!

நாமெல்லாம் அந்த டிரிக்கை நண்பனுக்குச் சொல்லிக்கொடுத்துப் பெருமைப்பட்டவர்கள்தான். ஆனால் சென்னை மேப்பை எடுத்து விரித்துப் பாருங்கள். வடகிழக்கு ஓரத்தில் என்ன இருக்கிறது? எண்ணூர். துறைமுகக் கரித்தூசி ராயபுரம் பக்கத்து வீடுகளில் படிகிறது என்ற பிரச்னை நீதிமன்றம் போய், 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது. நல்ல விஷயம்தான். அந்தச் சரக்கு எங்கே போனது? இன்னும் கொஞ்சம் வடக்கே, இன்னும் கொஞ்சம் ஓரத்துக்கு, எண்ணூருக்கு.

சிம்சிட்டியில் மாசு கூடினால் ஜனங்கள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விடுவார்கள். திரையில் பாழடைந்த வீடு நிற்கும், நீங்கள் புல்டோசர் விடுவீர்கள். முகத்துவாரக்குப்பத்துக்காரர் எங்கே போவார்? அவர் தொழிலே அந்த முகத்துவாரத்தில்தான். ஆட்டத்தை எழுதியவர்கள் இப்படி ஒருவரை யோசிக்கவே இல்லை.

இன்னொரு ஒற்றுமை ஆச்சரியமானது. ‘சிம்சிட்டி 2000’-ல் கரி மின் நிலையத்துக்கு ஆயுள் 50 வருடம். அதற்குமேல் இழுத்தால் இடிந்துவிழும். பழைய எண்ணூர் அனல் மின் நிலையம், 450 மெகாவாட், 1970-ல் ஓட ஆரம்பித்து 2017 மார்ச்சில் மூடப்பட்டது. 47 வருடம்! ஆட்டத்தில் அடுத்த நிமிடமே புதுசு வைத்துவிடலாம். இங்கே அதே வளாகத்தில் 660 மெகாவாட்டில் புது நிலையம் கட்டும் திட்டத்துக்கு 2024 டிசம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கருத்துக் கேட்பு என்று ஒரு பட்டன் எந்த டைக்கூன் ஆட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

ஆட்டம் தொடங்குமுன் நிலத்தைத் திருத்தும் வசதி இருக்கும், ஞாபகம் இருக்கா? மலையை வெட்டலாம், ஏரியைத் தூர்க்கலாம், பைசா செலவில்லை. எண்ணூரிலும் அப்படி ஒரு சர்ச்சை. 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் இருந்த கழிமுகம், பிறகு பயன்படுத்திய வரைபடத்தில் காணாமல் போய்விட்டது என்று 2017-ல் சூழல் ஆர்வலர்கள் புகார் கிளப்பினார்கள். ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. காகிதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஆலைக்கும் ஒரு ஆட்டம்

இது பலருக்குத் தெரியாத சங்கதி. சிம்சிட்டி கம்பெனியான மேக்ஸிஸ், 90-களின் தொடக்கத்தில் ‘சிம்ரிஃபைனரி’ என்று ஒன்று செய்தது. அமெரிக்க எண்ணெய் நிறுவனமான செவ்ரான், கலிஃபோர்னியாவில் ரிச்மண்ட் என்ற ஊரில் உள்ள தன் சுத்திகரிப்பு ஆலை எப்படி இயங்குகிறது என்று இன்ஜினீயர் அல்லாத ஊழியர்களுக்குப் புரியவைக்கக் கேட்டு வாங்கியது. கடையில் விற்கவில்லை. தொலைந்தே போச்சு என்று நினைத்திருந்தார்கள், 2020-ல் ஒரு பிரதி கிடைத்தது.

மணலிக்கு ஒரு ‘சிம்ரிஃபைனரி’ செய்தால், அதில் மழை இருக்கணும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் வரை போனது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பு. அதற்கு முன் 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, வாளியால் அள்ளியது நினைவிருக்கும். சிம்சிட்டியில் பேரிடரை ஒரு கிளிக்கில் அணைத்து வைக்கலாம். கொடுத்துவைத்த மேயர்!

ஆட்டங்களில் தொழிலாளிகளும் பரம சாதுக்கள். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ கிராமத்தான் மரம் வெட்டு என்றால் சாகும்வரை வெட்டுவான். விதிவிலக்கு, 1998-ல் வந்த ‘கிரிம் ஃபண்டாங்கோ’ என்ற அட்வென்ச்சர் கேம். செத்தவர்கள் உலகத்தில் ஒரு துறைமுக நகரம், அங்கே தேனீக்கள்தான் தொழிலாளிகள், அவை வேலைநிறுத்தமே செய்யும்! 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பெரம்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு இதை ஆடினால் சுவை தனி.

நீங்களும் ஆடலாம்

இந்த ஆட்டங்களைத் தேடி இப்போது பர்மா பஜார் போக வேண்டாம். டிரான்ஸ்போர்ட் டைக்கூனைப் பின்பற்றி ரசிகர்கள் எழுதிய ‘ஓப்பன் டிடிடி’ 2004-லிருந்து இருக்கிறது. இலவசம், சட்டப்படி சரி, பழைய டப்பா கம்ப்யூட்டரிலும் ஓடும். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. முதல் சிம்சிட்டியின் நிரல் ‘மைக்ரோபோலிஸ்’ என்ற பெயரில் 2008-ல் பொதுவில் விடப்பட்டது. அதுவும் இலவசம்தான்.

ஓப்பன் டிடிடியில் நிலத்தின் மேடு பள்ளத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாகக் கொடுத்தால், அதையே மேப்பாக மாற்றிக்கொள்ளும். எண்ணூர் கழிமுகத்தை நீங்களே செய்து பார்க்கலாம். புதிய ஆலைகள், புதிய சரக்குகள் சேர்க்கவும் வழி இருக்கிறது. புரோகிராமிங் தெரிந்த யாராவது ஒருவர் ஒரு செமஸ்டர் விடுமுறையில் உட்காருங்களேன். மின் நிலையத்துக்குள் கரி போனால் வெளியே சாம்பல் என்று ஒரு சரக்கு வரட்டும். அதை ஏற்றிப்போக லாரி விடுங்கள். சிமென்ட் ஆலை வைத்தால் காசு, ஆற்றில் விட்டால் அபராதம். செப்பாக்கத்தையும் காட்டுக்குப்பத்தையும் பெயர் போட்டு மேப்பில் வையுங்கள். ஓரத்தில் வேண்டாம், நடுவில்.