எல்லைச் சோதனையும் கோச் வண்டியும்

நாடென்று ஒன்றிருப்பின் அதற்கு எல்லையுண்டு. எல்லையுண்டாயின் அதற்குக் காவலும் உண்டு. இதனை மறுப்பார் எவருமிலர். ஆயினும், ஒரே காவல் விதி எல்லாப் பிரயாணிகளையும் ஒரே அளவாகத் தாக்குகின்றதா என்பது ஆராயத்தக்கது. விமானத்திற் செல்வோரும், சொந்தக் காரிற் செல்வோரும், ஐம்பது பேர் கூடி ஒரு பெரிய பஸ்ஸிற் செல்வோரும் ஒரே விதிக்கு உட்பட்டவரேனும், அவர் படும் பாடு வேறு வேறு. ஆங்கிலேயர் ‘கோச்’ என்று வழங்கும் அப்பெரிய பஸ்ஸையும், அதனை நம்பிப் பிழைப்போரையும் பற்றி ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம். இதற்கு இங்கிலாந்திலுள்ள டோவர் துறைமுகத்தினும் பொருத்தமான உதாரணம் கிடைப்பதரிது.

டோவர், வெண்சுண்ணப் பாறைகளின் அடியில், குன்றுக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் துறை. எதிர்க்கரையில் பிரெஞ்சுத் துறையாகிய கலே இருக்கின்றது. கப்பல் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அதனை அடைந்துவிடும். பிரான்சுக்குள் நுழைவோரைச் சோதிக்கும் பிரெஞ்சுக் காவலரோ கலேயில் இல்லை, டோவரிலேயே இருக்கின்றனர். 2003 ஆம் ஆண்டில் லே துக்கே என்னும் ஊரில் கையெழுத்தான உடன்படிக்கையின் பயன் இது. ஆகவே, பிரெஞ்சு எல்லையில் நேரும் தாமதமெல்லாம் இங்கிலாந்தின் தெருக்களில் வண்டி வரிசையாக நீண்டு நிற்கின்றது.

பிரிட்டன் ஐரோப்பிய ஐக்கியத்தினின்று 2020 ஜனவரி 31 இல் விலகிற்று. பழைய ஏற்பாடுகள் அவ்வாண்டின் இறுதியோடு முடிவுற்றன. அதற்கு முன்னர் ஆங்கிலேயர் கடவுச்சீட்டைக் காட்டினாற் போதும். பின்னரோ ஒவ்வொரு சீட்டும் ஆராயப்பட்டு முத்திரை பெறவேண்டியதாயிற்று. 2023 ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறைக்கு முந்திய வாரக்கடைசியில், பள்ளிப்பிள்ளைகள் நிரம்பிய கோச் வண்டிகள் பல டோவரில் இரவு முழுதும் நின்றன. சில வண்டிகள் 14 மணி நேரத்துக்கு மேலும் காத்திருந்தன.

கோச் வண்டிக்கு மட்டும் இத்துணைத் துன்பம் ஏன்? கணக்கு எளிது. ஒரு பிரயாணிக்கு அரை நிமிஷம் செல்லுமாயின், ஐம்பது பேருக்கு 25 நிமிஷம். இரண்டு நிமிஷமாயின் 100 நிமிஷம். காரிற் செல்லும் நால்வருக்கு அதே மாறுதலால் வருவது ஆறு நிமிஷ வேறுபாடே. விமானப் பிரயாணியோ சோதனை முடிந்ததும் தன் வழியே போய்விடலாம். கோச் பிரயாணி அங்ஙனம் போதற்கில்லை. ஐம்பதாவது பேர்வழி வந்து ஏறும் வரையில் நாற்பத்தொன்பது பேரும் காத்திருத்தல் வேண்டும். ஒருவருடைய சீட்டில் ஐயம் பிறந்தால், வண்டி முழுதும் குற்றவாளியைப் போல் ஒதுக்கி நிறுத்தப்படுகின்றது.

இந்நிலையில் 2025 அக்டோபர் 12 இல் ஐரோப்பிய ஐக்கியத்தார் வருகை-புறப்பாட்டுப் பதிவு முறை ஒன்றைத் தொடங்கினர். ஐக்கியத்தைச் சேராத அயல்நாட்டார் குறுகிய காலம் தங்க வரும்போது, முகப்படமும் நான்கு விரல்களின் ரேகையும் பதிவு செய்யப்படுகின்றன. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவரிடம் ரேகை எடுப்பதில்லை. பதிவு பொதுவாக மூன்றாண்டு இருக்கும். இடையில் மீண்டும் வருவோர்க்கு ஒப்பிட்டுப் பார்த்தலே போதும். இருபத்தொன்பது நாடுகள் இம்முறையிற் சேர்ந்துள்ளன. போலி முத்திரையை ஒழிக்கவும், தவணை கடந்து தங்குவோரைக் கண்டுபிடிக்கவும் இது உதவும் என்பதை நாம் ஒப்புக்கொள்கின்றோம். டோவர்த் துறையினர் கோச் பிரயாணிகளுக்கென்று மேற்குத் துறையில் தனியிடம் அமைத்தனர். அங்கே எல்லாரும் இறங்கிப் பதிவு செய்துகொண்டு ஏறியபின், இடையில் எவரும் ஏறாவண்ணம் வண்டிக்கு முத்திரையிட்டுக் கப்பலேறும் கிழக்குத் துறைக்கு அனுப்புவது ஏற்பாடு. நல்ல யோசனைதான். ஆனால் முதியோர் நிரம்பிய வண்டியில் ஐம்பது பேர் இறங்கி ஏறுவதே ஒரு சிறு யாத்திரை என்பதை அறியாதார் யார்?

தாமதத்தின் முதற்சுமை ஓட்டுநர் தலைமேல் விழுகின்றது. ஒரு நாளில் அவர் வண்டி செலுத்துவது பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேற்படலாகாது. நாலரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிஷம் ஓய்வு வேண்டும். 24 மணி நேரத்துள் 11 மணி நேரம் தொடர்ந்து இளைப்பாற வேண்டும். சில நாட்களில் மட்டும் இதனை 9 மணியாகக் குறைக்கலாம். வண்டியிலுள்ள ‘டேக்கோகிராப்’ என்னும் கருவி இவற்றையெல்லாம் பதிந்துகொண்டே வருகின்றது. வரிசையில் அங்குலம் அங்குலமாக நகர்வதை ஓய்வென்று அக்கருவி கொள்ளாது. ஆகவே, எல்லையில் நான்கு மணி நேரம் வீணானால், ஓட்டுநர் ஒரு காதமும் போகாமலே அன்றைய வேலை நேரத்திற் பெரும்பங்கை இழந்தவராகின்றார். அப்பால், ஒன்று வழியில் நிறுத்தல் வேண்டும். அன்றி, இரண்டாவது ஓட்டுநருக்குக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லல் வேண்டும்.

இதனினும் கடியது நாட்கணக்கு. ஐக்கியத்தைச் சேராதவர் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் ஷெங்கன் நாடுகளில் தங்கலாகாது. உல்லாசப் பிரயாணிக்கு இது தாராளம். ஆண்டில் ஓரிரு வாரமே அவர் போகின்றார். வாரந்தோறும் நான்கு நாள் கண்டத்திற் கழிக்கும் பிரிட்டிஷ் கோச் ஓட்டுநருக்கோ 180 நாளில் நூறு நாளுக்கு மேலாகிவிடும். முத்திரைகளை எண்ணிப் பார்த்த காலத்தில் பிழையும் சலுகையும் இருந்திருக்கலாம். இப்பொழுது இயந்திரம் எண்ணுகின்றது. வேலைப் பருவத்தின் நடுவே ஓர் ஓட்டுநர் வீட்டில் அமர நேரிட்டால், அவருக்குக் கூலியும் இல்லை, முதலாளிக்கு ஆளும் இல்லை. சுற்றுலாக்களை நடத்திச் செல்லும் வழிகாட்டிகளுக்கும் இதே நிலை. போதாக்குறைக்கு, அவர் எந்த நாட்டில் எவ்வளவு வேலை செய்யலாம் என்பதும் நாட்டுக்கு நாடு மாறுகின்றது. அயர்லாந்துக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு இத்தடைகள் இல்லை. பாட்டன் பிறந்த ஊர் பேரனுக்குச் சோறு போடும் காலம் இது போலும்!

எதிர்த்திசையில் வரும் பிரயாணமும் குன்றிற்று. முன்னாளில் பிரெஞ்சு, ஜெர்மானிய மாணவர் தம் அடையாளச்சீட்டைக் கொண்டே ஆசிரியரோடு கோச் வண்டிகளில் இங்கிலாந்துக்கு ஆங்கிலம் கற்க வந்தனர். 2021 அக்டோபர் முதல் கடவுச்சீட்டு இன்றியமையாததாயிற்று. வகுப்பில் வெளிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் இருப்பின், அவனுக்கு விசாவும் வேண்டியதாயிற்று. அவனொருவனை விட்டுவிட்டு வகுப்பை அழைத்துச் செல்ல எந்த ஆசிரியர் மனந்துணிவார்? பல பள்ளிகள் அயர்லாந்தின் பக்கம் திரும்பின. கெண்ட், சஸ்ஸெக்ஸ் கரையோரத்தில் மாணவருக்கு அறையும் உணவும் அளித்துச் சிறு வருவாய் பெற்றுவந்த குடும்பங்கள் பெரிதும் நலிந்தன. பிரெஞ்சுப் பள்ளிக் குழுக்களுக்கு 2023 டிசம்பர் இறுதியினின்று பழைய சலுகை ஒருவாறு திரும்பிற்று.

நம் நாட்டினின்று குழுவாகச் சென்று ஐரோப்பாவைச் சுற்றுவோர் இதனை ஒருவகையிற் சிறிது எளிதாகவே கடக்கின்றனர். ஷெங்கன் விசா பெறும்போதே விரல் ரேகை கொடுத்துவிடுவதால், எல்லையிற் பதிவுக்காக முகப்படம் மட்டுமே எடுக்கப்படும். ஆனால் பிரிட்டனுக்கு வேறு விசா வேண்டுமாகையால், லண்டனையும் பாரிஸையும் ஒருங்கே காண விரும்புவோர் இரண்டு கதவுகளைத் தட்டியே ஆகவேண்டும்.

முதலில் அடிபடுவது ஏழை எளியவர் மேற்கொள்ளும் ஒருநாட் பிரயாணமே என்று நாம் எண்ணுகின்றோம். டோவருக்கு அருகிலுள்ள ஊரினின்று காலை 6 மணிக்குப் புறப்படும் கோச், கடலைக் கடந்து, பெல்ஜியத்திலுள்ள புரூஜ் நகரை 10½ மணி அளவில் அடைந்து, அங்கே ஐந்து மணி நேரம் தங்கி, இரவு 8 மணிக்கு ஊர் திரும்பலாம். மொத்தம் 14 மணி நேரம். ஓட்டுநர் விதி சில நாட்களுக்கு இடங்கொடுக்கும் எல்லை 15. டோவரில் மிகுதியாக மூன்று மணி நேரம் கழிந்தால், மீள வேண்டிய நேரம் மாறாதாகையால், புரூஜில் எஞ்சுவது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதற்குள் உண்பதா, ஊர் பார்ப்பதா? பிரயாணத்தை இரண்டு நாளாக்கினால் விடுதிச் செலவு சேரும். அச்செலவைத் தாங்கக் கூடியவர், கோச் வண்டியைத் தேடி வருகின்றவருள் மிகச் சிலரே.