இடது இறக்கை நீளமா? தேய்க்க வேண்டாம்!

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சின்னஞ்சிறு போர் விமானம் செய்யும் பொழுதுபோக்கில், புதியவர்களை ஏமாற்றிவிடும் விமானம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பயன்படுத்திய மாக்கி சி.202 தான் அது. அதன் பெயர் ‘ஃபோல்கோரே’. இத்தாலிய மொழியில் மின்னல் என்று பொருள்.

மாரியோ காஸ்டோல்டி வடிவமைத்த இவ்விமானம் 1940 ஆகஸ்ட்டில் முதன்முதலாகப் பறந்தது. முனைக்கு முனை 10.58 மீட்டர் இருந்த இறக்கை, 72-இல் ஒரு பங்கு மாதிரியில் 15 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

அளவு பிசகாமல் வார்க்கப்பட்ட மாதிரியில், இடது இறக்கை வலது இறக்கையைவிட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். தயாரிப்புக் கோளாறு என்று எண்ணி அதைத் தேய்த்துவிடாதீர்கள். அசல் விமானத்திலேயே இடது இறக்கை சுமார் 20 சென்டிமீட்டர் நீளம் கூடுதல். மூக்கில் உள்ள காற்றாடி சுழலும் வேகத்தில் விமானம் இடப்பக்கம் சாயப் பார்க்கும். நீண்ட இறக்கை அப்பக்கத்தைச் சற்றுக் கூடுதலாகத் தூக்கிச் சமன் செய்தது.

சின்னங்களை ஒட்டும்போதும் கவனம் தேவை. 1943 செப்டம்பர் 8-ஆம் தேதி இத்தாலியின் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் இதே ரக விமானங்கள் நேச நாடுகளின் பக்கமும் ஜெர்மனியின் பக்கமும் பிரிந்தன. நாம் ஒட்டும் சின்னமே அந்த விமானி யார் பக்கம் நின்றார் என்பதைச் சொல்லும்.

ஆகவே, பசையைத் திறக்கும் முன் பழைய புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள்.