இலவச டி.வி.யில் பேக்-மேன்!

2006-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த 14 அங்குல கலர் டி.வி. உங்க வீட்டுப் பரணிலும் தூங்குதா? எங்க தாம்பரம் வீட்டில் அதைக் காயலான் கடைக்குப் போட அம்மா இறக்கி வச்சுட்டாங்க. ஒரு வாரம் தவணை கேட்டேன்.

கம்ப்யூட்டரை அதில் நேரா மாட்ட முடியாது. ஏன்? கணக்குப் போடுங்க. கம்ப்யூட்டரின் சாதாரண 640க்கு 480 படம்கூட, கண்ணுக்குத் தெரியாத கோடுகளையும் சேர்த்தா, 525 கோடு. நொடிக்கு 60 தடவை. ஆக 31,500 கோடு. பழைய டி.வி. 625 கோடுகளை 25 தடவைதான் வரையும். அதாவது 15,625. பாதி வேகம்தான்! நடுவில் கன்வெர்ட்டர் வேணும்.

ரிச்சி தெருவுக்குப் போய், அவசரத்தில் 'ஏ.வி. டு ஹெச்.டி.எம்.ஐ.' வாங்கிட்டேன். அது நேர் எதிர் வேலை செய்வது! நமக்கு வேண்டியது 'ஹெச்.டி.எம்.ஐ. டு ஏ.வி.'. மறுபடி போனேன் (உண்டியல் காலி). மஞ்சள் பின் படத்துக்கு, வெள்ளை ஒலிக்கு. கன்வெர்ட்டரின் குட்டி சுவிட்சை 'பால்' பக்கம் தள்ளி, ரிமோட்டில் ஏ.வி. அமுக்கினா படம் வந்துடும். சின்ன எழுத்தெல்லாம் மங்கல்தான்.

ஆனா விளையாட்டு ஜோர்! பழைய ஆர்கேட் ஆட்டங்களை ஓட்ட 1997-லிருந்து 'மேம்' என்ற மென்பொருள் இருக்கு. 1980-ல் வந்த பேக்-மேனின் படம் வெறும் 224க்கு 288 புள்ளி. அந்த ஆர்கேட் பெட்டிக்குள்ளும் இதே மாதிரி குழாய்த் திரைதான், ஏறக்குறைய இதே வேகம். அதனால எல்.இ.டி. டி.வி.யில் கட்டம் கட்டமா தெரியறது இதில் வழவழன்னு இருக்கு.

காயலான் கடைக்காரர் வந்தப்போ அம்மா பழைய பேப்பரை மட்டும்தான் போட்டாங்க.

எச்சரிக்கை: டி.வி.யின் பின்மூடியை மட்டும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.