பம்பரில் நான்கு காது, டிக்கியில் ஒரு கண்

ரிவர்ஸ் கியர் விழுந்ததும் காரின் பின்பக்கம் விழித்துக்கொள்கிறது. பம்பரில் வரிசையாகப் பதித்திருக்கும் நான்கு சிறு வட்டங்கள் நம் காதுக்கு எட்டாத ஒலியை வீசி, எது திரும்பி வருகிறது என்று கேட்கத் தொடங்குகின்றன. நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒளிந்திருக்கும் கேமரா, பின்னால் விரியும் தரையைப் படம்பிடித்து டேஷ்போர்டுத் திரைக்கு அனுப்புகிறது. ‘பீப்... பீப்...’ என்ற ஓசையும் திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளும் நமக்குப் பழகிப்போய்விட்டன. ஆனால் அவற்றை உண்டாக்கும் நுட்பத்தை உள்ளே போய்ப் பார்த்தால் வியப்பு அடங்காது. இந்தக் காதும் சரி, கண்ணும் சரி, பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. ஒன்று கோட்டைவிடுவதை இன்னொன்று பிடித்துவிடுகிறது.

முதலில் காதைப் பார்ப்போம். மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதற்கு மேலுள்ள ஒலிக்கு மீயொலி என்று பெயர். பார்க்கிங் சென்சார் பொதுவாக நொடிக்கு 40,000 முதல் 58,000 வரை அதிர்கிறது. பம்பரில் வெளியே தெரியும் வட்டம் ஓர் அலுமினியக் கிண்ணத்தின் அடிப்பகுதி. அதன் உட்புறத்தில் பீங்கான் வில்லை ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைச் சுட்டு உருவாக்கிய சிறப்புப் பீங்கான் அது. மின்சாரம் கொடுத்தால் நெளியும். நெளித்தால் மின்சாரம் தரும். இதை அழுத்தமின் விளைவு என்கிறார்கள். ஆகவே, ஒரே வில்லை வாயாகவும் இருக்கிறது, காதாகவும் இருக்கிறது. மின்துடிப்பு வந்தால் அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. எதிரொலி வந்து மோதினால் அதே வில்லை மின்துடிப்பைத் திருப்பித் தருகிறது.

அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை 1880இல் பாரிசில் கண்டறிந்தவர்கள் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள். பியேரின் மாணவர் பால் லாஞ்செவன், முதல் உலகப்போர்க் காலத்தில் அதே விளைவைக் கொண்டு கடலுக்கடியில் மீயொலியை அனுப்பி, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் கருவியை உருவாக்கினார். கடலில் பிறந்த அந்த யோசனை 1982இல் டொயோட்டா கொரோனா காரில் ஏறியது. பின்னால் இருக்கும் தடையை மீயொலியால் உணரும் வசதியை அந்தக் கார் கொண்டிருந்தது.

தூரத்தை அளக்கும் முறை எளிது: ஒலி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்த்து, ஒலியின் வேகத்தால் பெருக்கி, பாதியாக்க வேண்டும். 20 பாகை வெப்பத்தில் காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்கிறது. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரைத் தொட்டுத் திரும்ப, ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஆறு பங்குகூட ஆவதில்லை. நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் அந்த ஒலி ஐம்பது தடவை போய்வந்துவிடலாம். ஒரு சென்டிமீட்டர் வேறுபாட்டை அறிய வேண்டுமானால், நொடியின் லட்சத்தில் ஆறு பங்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விரல்நுனி அளவுச் சில்லு ஒன்று சத்தமில்லாமல் அதைச் செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் ஒலியின் வேகம் எங்கும் ஒன்றல்ல. காற்று சூடானால் ஒலி விரைகிறது. மே மாதச் சென்னையின் 40 பாகை வெயிலில் அது நொடிக்கு 355 மீட்டர். ஊட்டியின் 5 பாகைக் குளிரில் 334 மீட்டர்தான். இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஒரு மீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர் பிசகும். இறுக்கமான ஷெட்டில் வண்டி விடுபவருக்கு ஆறு சென்டிமீட்டர் என்றால் என்ன என்று தெரியும். அதனால்தான் வெளிவெப்பத்தை அளந்து, அதற்கேற்ப ஒலியின் வேகத்தைத் திருத்திக்கொள்ளும் அமைப்புகள் இருக்கின்றன.

வாயும் காதும் ஒன்றாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. கோயில் மணியை அடித்துக் கையை எடுத்த பிறகும் அது ரீங்கரித்துக்கொண்டே இருக்கும் அல்லவா? அதுபோல, மின்துடிப்பு நின்ற பிறகும் அலுமினியத் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிநொடி, அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதிர்ந்துகொண்டிருக்கிறது. அது அடங்கும்வரை மெல்லிய எதிரொலியைக் கேட்க முடியாது. அந்தச் சிறு நேரத்துக்குள் ஒலி 17 சென்டிமீட்டர் போய்த் திரும்பிவிடும். ஆகவே பம்பரை ஒட்டிய அந்தச் சிறு இடைவெளியில் சென்சாரின் அளவை நம்ப முடியாது. பல கார்களில் தடை 30 சென்டிமீட்டர் அளவுக்கு நெருங்கும்போதே ஓசை இடைவிடாமல் ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இனி அளந்து சொல்வதற்கில்லை, நிறுத்து என்று அது சொல்கிறது.

எதிரொலி எவ்வளவு பலவீனமானது என்பது அடுத்த ஆச்சரியம். தூணைப் போன்ற சிறிய பொருள் இருமடங்கு தூரத்துக்குப் போனால், அதிலிருந்து திரும்பும் ஒலி பாதியாகக் குறைவதோடு நிற்பதில்லை. பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒலியை அனுப்பிய கணத்தில் கருவியின் செவி மந்தமாக இருக்கும். நேரம் கடக்கக் கடக்க அது தன் கூர்மையைத் தானே கூட்டிக்கொண்டே போகும். தாமதமாக வருவது தொலைவிலிருந்து வருவது, தொலைவிலிருந்து வருவது மெலிந்திருக்கும். அதனால் அருகிலிருந்து வரும் பேரொலியும் தூரத்து முணுமுணுப்பும் ஏறத்தாழ ஒரே பலத்தில் கேட்கின்றன.

தரையும் ஒலியைத் திருப்பி அனுப்புமே, ஒவ்வொரு கல்லுக்கும் அது ஏன் கத்துவதில்லை? விடை அலுமினியக் கிண்ணத்தின் உட்குழிவில் இருக்கிறது. அந்தக் குழிவை முழு வட்டமாகக் குடையாமல் ஒரு பக்கம் நீண்டதாகக் குடைகிறார்கள். அதன் விளைவாக ஒலி இடம்வலமாக அகன்றும், மேல்கீழாகக் குறுகியும் விரிகிறது. தரை பெரும்பாலும் அதன் பாதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. இந்தத் தகட்டின் மேல் பூசும் பெயின்ட்கூட அளவோடு இருக்க வேண்டும். பூச்சு தடித்தால் தகட்டின் எடை கூடும், எடை கூடினால் அதன் அதிர்வு மாறிவிடும். பம்பருக்கு மறுபெயின்ட் அடிக்கும்போது சென்சாரின் மேல் தாராளமாகப் பூசிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

நான்கு காதுகள் எதற்கு? ஒரு சென்சாருக்குத் தூரம் மட்டும்தான் தெரியும், திசை தெரியாது. எனவே ஒன்று பேசும்போது பக்கத்திலிருப்பதும் கேட்கிறது. இரு காதுகளின் தூரங்களையும் சேர்த்து வைத்தால் பொருள் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். இதைவிட அழகான ஒன்றும் இதிலிருந்து கிடைக்கிறது. 40 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன, இரண்டும் எதிரே ‘1 மீட்டர்’ என்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டுக்கும் நடுவே நிற்கும் தூணா, நீண்ட சுவரா? ஒன்று அனுப்பி மற்றது கேட்கும் ஒலி, தூணாக இருந்தால் 2 மீட்டர் பயணிக்கும். சுவராக இருந்தால் 2 மீட்டர் 4 சென்டிமீட்டர் பயணிக்கும். அந்த நான்கு சென்டிமீட்டருக்கு ஒலி எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரம் நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். தூணையும் சுவரையும் பிரித்தறியத் தேவையான தடயம் அவ்வளவு சிறிய நேரத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

இத்தனை கணக்கையும் செய்த பிறகு கருவி பெரும்பாலும் நமக்கு ஓர் எண்ணைச் சொல்வதில்லை. தாளத்தைச் சொல்கிறது. நெருங்க நெருங்க ‘பீப்’களின் இடைவெளி சுருங்குகிறது. எண்ணாக இருந்தால் கண்ணால் படிக்க வேண்டும். தாளத்தைக் காதே புரிந்துகொள்ளும், கண்ணோ பக்கக் கண்ணாடிகளைப் பார்க்க விடுதலை பெறும்.

இருந்தாலும் இந்தக் காது சிலவற்றைக் கேட்பதில்லை. சாலையோரத் தாழ்ந்த கல் அதன் ஒலிப்பாதைக்குக் கீழே கிடக்கிறது. மெல்லிய கம்பியும் கம்பிவலையும் போதிய ஒலியைத் திருப்புவதில்லை. துணி ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது. சாய்வான வழுவழுப்புப் பரப்பு ஒலியை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் இருப்பது குழந்தையா குப்பைத்தொட்டியா என்று அதற்குத் தெரியாது. அங்கேதான் கண் தேவைப்படுகிறது.

காருக்குப் பின்கண் வைக்கும் ஆசை பழையது. 1956இல் ஜெனரல் மோட்டார்ஸ் காட்சிக்கு வைத்த பியூக் செஞ்சூரியன் என்ற மாதிரிக் காரில் பின்பார்வைக் கண்ணாடியே இல்லை. பின்னால் ஒரு டெலிவிஷன் கேமராவும், முன்னால் ஒரு திரையும் இருந்தன. அந்தக் கனவு விற்பனைக் கார்களில் பரவலாக வேண்டுமானால் கேமரா மிகச் சிறிதாகவும் மலிவாகவும் ஆக வேண்டியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் குழுவினர், விண்கலங்களுக்காகச் சிறிய, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சீமாஸ் படச்சில்லை உருவாக்கினார்கள். நம் கைபேசியிலும் காரின் டிக்கியிலும் இன்று இருப்பது அந்த வம்சத்துச் சில்லுதான்.

அதன் முன்னால் உள்ள மீன்கண் வில்லை, அதாவது மிக அகன்ற கோணத்தைப் பார்க்கும் புடைத்த கண்ணாடி, பின்புறத்தை ஏறத்தாழ மூலைக்கு மூலை அள்ளிவிடுகிறது. அதற்கு விலையாக நேர்கோடுகளை வளைத்துவிடுகிறது. மென்பொருள் அந்த வளைவை நிமிர்த்துகிறது. இன்னொரு திருத்தமும் உண்டு. கேமரா பின்னோக்கிப் பார்ப்பதால் அதன் இடம் நமக்கு வலம். படத்தை அப்படியே காட்டினால் ஸ்டியரிங்கை நேர் எதிர்ப்பக்கம் திருப்புவோம். ஆகவே படத்தை இடம்வலமாகப் புரட்டி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் காட்டுகிறார்கள்.

திரையில் தெரியும் வண்ணக்கோடுகள் ஒரு வடிவியல் பாடம். கேமரா தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். காரை ஒட்டிய முதல் 90 சென்டிமீட்டர் தரைக்கு அதன் பார்வையில் 45 பாகை கிடைக்கிறது. 1.8 மீட்டரிலிருந்து 3.6 மீட்டர் வரையுள்ள தரை அதைப்போல் இருமடங்கு நீளம். ஆனால் அதற்கு 13 பாகைகூடக் கிடைப்பதில்லை. அதனால்தான் தூரத்துக் கோடுகள் திரையில் நெருங்கி நிற்கின்றன.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இந்தக் கோடுகள் வளைவதற்குப் பின்னால் குதிரைவண்டிக் காலத்து அறிவு இருக்கிறது. வளைவில் எல்லாச் சக்கரங்களும் ஒரே மையத்தைச் சுற்றினால்தான் உராயாமல் உருளும். அதற்கான அமைப்பை ம்யூனிக் நகர வண்டித் தயாரிப்பாளர் கியோர்க் லாங்கென்ஷ்பெர்கர் 1817இல் வகுத்தார். அடுத்த ஆண்டு லண்டனில் ருடால்ப் ஆக்கர்மன் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த மையம் பின் அச்சின் நேர்க்கோட்டில்தான் விழும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.5 மீட்டர் உள்ள காரில் முன்சக்கரங்கள் சராசரியாக 30 பாகை திரும்பியிருந்தால், பின் அச்சின் நடுப்பகுதி 4.3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நகரும். ஸ்டியரிங் தண்டிலுள்ள சென்சார் கோணத்தைச் சொல்ல, கணினி அந்த வட்டத்தைத் தரையில் கற்பனை செய்து, வில்லையின் கோணத்துக்கேற்ப வளைத்து, திரையில் வரைகிறது. இன்னும் நடக்காத பயணத்தின் தடத்தை நாம் முன்கூட்டியே பார்த்துவிடுகிறோம்.

ஆனால் கோடுகள் வரைந்திருப்பது தரைக்காக. கண் ஏமாறும் இடம் இதுதான். ஒரு கடைச் சுவரிலிருந்து கனத்த கருங்கல் இருக்கை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் உயரம் 45 சென்டிமீட்டர், கேமராவிலிருந்து அதன் விளிம்பு 1 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்போம். 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அந்த விளிம்பைத் தொட்டுச் செல்லும் பார்வைக்கோடு, தரையைத் தொடுவது 2 மீட்டரில். ஆகவே திரையில் அந்த இருக்கை 2 மீட்டர் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். தாராளமாக இடம் இருக்கிறது என்று கண் சொல்லும். அதே கணத்தில் பம்பர் உயரத்தில் இருக்கும் காது அந்தக் கல்லில் மோதித் திரும்பிய ஒலியைக் கேட்டு, ஒரு மீட்டருக்குள் ஏதோ இருக்கிறது என்று எச்சரிக்கும். இரண்டும் முரண்பட்டால் குறைவான தூரத்தைச் சொல்வதையே நம்ப வேண்டும்.

அரசுகளும் இந்த இரண்டையும் வெவ்வேறு வழியில் எட்டியிருக்கின்றன. வீட்டு வாசலில் காரின் பின்னால் சிக்கி இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரில் அமெரிக்காவில் 2008இல் ஒரு சட்டம் பிறந்தது. அதன் வழியே வந்த விதி, 2018 மே முதல் எல்லாப் புதிய கார்களிலும் பின்புறப் படத்தைக் கட்டாயமாக்கியது. வண்டிக்குப் பின்னால் 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள பரப்பு தெரிய வேண்டும், ரிவர்ஸ் கியர் போட்ட இரண்டு நொடிக்குள் படம் வர வேண்டும். இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயம். அமெரிக்கா கண்ணிலிருந்து தொடங்கியது, இந்தியா காதிலிருந்து தொடங்கியது.

இரண்டும் இருந்தாலும் பார்க்காத இடம் ஒன்று மிஞ்சுகிறது: காரின் முன்மூலை. மேலே சொன்ன அதே காரை அதே வளைவில் பின்னால் எடுத்தால், வெளிப்பக்க முன்மூலை பின்சக்கரத்தின் தடத்தைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் வெளியே வீசும். திரையில் கண் பதித்திருப்பவர் பக்கத்து வண்டியை முன்மூலையால் உரசுவது இப்படித்தான். வளைத்து எடுக்கும்போது திரையை ஒரு பார்வை, முன்மூலையை ஒரு பார்வை, இரு பக்கக் கண்ணாடிகளையும் ஒரு பார்வை என்று மாறி மாறிப் பார்க்க வேண்டும். கேமரா வில்லையையும் சென்சார்களையும் சேறு போகத் துடைத்து வைத்தால் அவையும் தம் பங்கைச் சரியாகச் செய்யும்.

மீதமிருப்பது வேகம். பல சென்சார்கள் 1.5 மீட்டர் தொலைவில்தான் தடையைச் சொல்லத் தொடங்குகின்றன. ஓசையைக் கேட்டு, புரிந்துகொண்டு, பிரேக்கை மிதிக்க மனிதருக்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் என்ற நடைவேகத்திலேயே கார் அந்த ஒரு நொடியில் 1.4 மீட்டரைக் கடந்துவிடும். எச்சரிக்கை வந்தும் பயனில்லாமல் போகும். 2 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் அதே நொடியில் 56 சென்டிமீட்டர்தான் நகரும், முன்னே 90 சென்டிமீட்டருக்கு மேல் மிச்சமிருக்கும். நொடியைப் பத்தாயிரமாகப் பிரித்து அளக்கும் கருவிகளுக்கு நாம் செய்ய வேண்டிய கைம்மாறு, அவை சொல்வதைக் கேட்டு நிறுத்த நமக்கு நாமே ஒரு முழு நொடியை ஒதுக்கிக்கொள்வதுதான்.