எழுதாமல் போன ஓட்டங்கள்

2001 டிசம்பர் 8ஆம் திகதி கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் சிம்பாப்வேயின் முதல் எட்டு விக்கெட்டுகளையும் சமிந்த வாஸ் ஒருவரே சாய்த்தார். ஒருநாள் சர்வதேசப் போட்டியில் பத்து விக்கெட்டையும் ஒருவரே எடுப்பது அதுவரை நடந்ததில்லை, இன்றுவரையும் நடக்கவில்லை. மிச்சம் இருந்தது இரண்டு. அந்த இரண்டையும் முத்தையா முரளிதரன் வந்து எடுத்துவிட்டார். சிம்பாப்வே 38 ஓட்டங்களுக்குச் சுருண்டது. 19 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் என்ற வாஸின் சாதனையை யாரும் இன்னும் தாண்டவில்லை.

நான்கு வாரம் கழித்து, 2002 ஜனவரி 4ஆம் திகதி, கண்டி அஸ்கிரிய. எதிரணி அதே சிம்பாப்வே, ஆட்டம் இப்போது டெஸ்ட். முரளி ஒரே நாளில் ஒன்பது பேரை வெளியேற்றினார். மறுநாள் காலை அவருடைய பந்தில் ஒரு பிடி நழுவியது. பத்தாவது விக்கெட்டை எடுத்தவர் யார்? வாஸ்!

விளையாட்டுக் கணக்குகளுக்குள் ஒளிந்திருக்கும் இப்படியான விசித்திரங்களைத் தொகுத்துத் தரச் சொன்னார்கள். தேடப் போனால் இலங்கைத் தீவிலேயே வேண்டிய அளவு கிடக்கிறது. 1997 ஓகஸ்டில் பிரேமதாச மைதானத்தில் இந்தியாவின் நிலேஷ் குல்கர்னி டெஸ்ட் வாழ்க்கையின் முதல் பந்திலேயே மாவன் அத்தபத்துவை வீழ்த்தினார். அந்த இன்னிங்ஸில் மொத்தம் 70 ஓவர் வீசி 195 ஓட்டங்களைக் கொடுத்தார். இன்னொரு விக்கெட் கிடைக்கவில்லை. சனத் ஜயசூரியவும் ரொஷான் மகாநாமவும் சேர்ந்து 576 ஓட்டங்கள் குவித்தார்கள். முதல்தரக் கிரிக்கெட்டின் அன்றைய இணைப்பாட்டச் சாதனை 577. ஒன்றே ஒன்று குறைவு! மகாநாம ஆட்டமிழந்தபோது மொத்தம் 615. அந்த எண் அசையும் முன்னரே ஜயசூரியவும் போய்விட்டார். அத்தபத்துவோ தன் முதல் ஆறு டெஸ்ட் இன்னிங்ஸ்களில் சேர்த்தது மொத்தம் ஓர் ஓட்டம். பின்னாளில் அவர் ஆறு இரட்டைச் சதங்கள் அடித்தார்.

கொழும்பின் றோயல் கல்லூரியும் புனித தோமையார் கல்லூரியும் மோதும் பழைய தொடரில், 1885ஆம் ஆண்டு ஆட்டத்தில் றோயல் 9 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அது தோமையாரின் வெற்றியா, முடிவில்லாத ஆட்டமா என்பதில் இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை. ஆகவே இன்றைக்கும் வெற்றி தோல்விப் பட்டியல் இரண்டு இருக்கிறது. நூற்றாண்டு கடந்தும் அந்தச் சண்டை உயிரோடிருப்பதற்குக் காரணம், அன்றைக்கு யாரோ உட்கார்ந்து எழுதி வைத்ததுதான்.

1948 மார்ச்சில் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பு ஓவல் மைதானத்தில் இறங்கி ஒருநாள் விளையாடியது. பிராட்மன் 20 ஓட்டங்கள் எடுத்தார். ஆடுகளம் 22 யார் நீளம் இருக்க வேண்டிய இடத்தில் 20 யார்தான் இருந்ததென்று அளந்து கண்டுபிடித்தார்கள். அன்று இலங்கை அணித் தலைவர் தமிழ் யூனியன் கழகத்தின் மகாதேவன் சதாசிவம். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 அடித்தவர். இலங்கை, சிங்கப்பூர், மலாயா என்று மூன்று அணிகளுக்குத் தலைமை தாங்கியவர். அவரைக் கண்ணால் பார்த்தவர்கள் இலங்கையின் மிகச் சிறந்த துடுப்பாட்ட வீரர் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிப் போனார்கள். ஆனால் ஏட்டில் இருப்பது ஒரு டசின் அளவு முதல்தர ஆட்டங்கள் மட்டும். ஏட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு சதாசிவம் யாரென்றே தெரியாது.

இந்த இடத்தில்தான் என் மனம் திருகோணமலைக்குத் திரும்புகிறது, பிறகு நகர மறுக்கிறது.

எங்கள் துறைமுகத்தில் எண்ணப்படாத பொருள் இல்லை. எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு நங்கூரமிட்டது, எத்தனை தொன் இறக்கியது, எல்லாவற்றுக்கும் ஏடு உண்டு. சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் 99 என்று தெருவில் போகும் சின்னப் பிள்ளையும் சொல்லும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 1944இல் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் சரட்டோகா வந்து பிரித்தானியக் கடற்படையோடு சேர்ந்துகொண்டது. பேஸ்போல் பைத்தியம் பிடித்த இரண்டு தேசங்கள், இரண்டே வருட இடைவெளியில் ஒரே குடாவுக்கு, எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கின்றன. இவற்றை இன்றைக்கும் திகதி பிசகாமல் சொல்ல முடிகிறது.

இதே ஊரில் ஏகாம்பரம் மைதானத்திலும் மெக்கெய்சர் விளையாட்டரங்கிலும் எத்தனை சதங்கள் அடிக்கப்பட்டன, எத்தனை ஹட்ரிக் விழுந்தன என்று கேட்டுப் பாருங்கள். பெயர் சொல்வார்கள், ஊர் சொல்வார்கள், பந்து எந்தக் கூரையில் விழுந்ததென்று கை நீட்டிக் காட்டுவார்கள். எண் சொல்ல மாட்டார்கள்.

கச்சான் காற்று வீசும் ஒரு பின்னேரம் ஏகாம்பரம் மைதானத்தில் மென்பந்துச் சுற்றுப்போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஸ்கோர் பதிந்துகொண்டிருந்த பையன் கையில் போன்தான். விரலால் தட்டத் தட்ட ஓட்டம் ஏறியது. "தம்பி, போன கிழமை மெச் கணக்கு இருக்கா?" என்று கேட்டேன். "இல்ல அண்ணை, போன் மாத்தினதோட எல்லாம் போட்டுது" என்றான். அவனுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. எனக்குத்தான் அந்தப் பதில் தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

பழைய ஸ்கோர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓட்டமில்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஆறு பந்தும் புள்ளியானால் அவற்றைக் கோட்டால் இணைத்து ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தாக்கி மெய்டன் என்று காட்டுவார்கள். அதிலே விக்கெட்டும் விழுந்திருந்தால் அது ‘டபிள்யூ’ ஆகும். மேலே துடுப்பாட்டக்காரரின் ஓட்டங்களோடு உதிரிகளைக் கூட்ட வேண்டும்; கீழே பந்துவீச்சாளர் கொடுத்த ஓட்டங்களோடு பை, லெக் பை ஓட்டங்களைக் கூட்ட வேண்டும்; இரண்டும் மொத்தத்தோடு ஒத்துவர வேண்டும். ஓர் ஓட்டம் இடித்தாலும் ஸ்கோரர் எழும்ப மாட்டார். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் ஜயசூரிய, மகாநாம இணையின் 576 இல்லை, வாஸின் எட்டு இல்லை.

பேஸ்போலின் கணக்கு முறையைத் தந்தவரே ஒரு கிரிக்கெட் நிருபர்தான். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஹென்றி சாட்விக், கிரிக்கெட் ஸ்கோர் அட்டையைப் பார்த்து பேஸ்போலுக்கும் ஒன்றைச் செய்தார். அந்த அட்டையில் எழுதப்பட்டவர்களே சரித்திரமானார்கள். கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்குக்குள் விடாத காலத்தில் அவர்கள் தங்களுக்கென்று தனி லீக்குகளில் ஆடினார்கள். அவர்களில் ஜோஷ் கிப்சன் என்ற மகா அடிக்காரர், ஜக்கி ரொபின்சன் நிறத்தடையை உடைப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். அன்று பெரிய லீக் ஏட்டில் அவர் பெயரில் ஓர் அடிகூட இருக்கவில்லை. பிறகு ஆர்வலர்கள் பழைய கறுப்பினப் பத்திரிகைகளை வருடக்கணக்காகப் புரட்டி, ஆட்டம் ஆட்டமாகத் தேடி எடுத்தார்கள். 2024 மே மாதம் அந்தக் கணக்குகள் பெரிய லீக்கின் கணக்கோடு சேர்க்கப்பட்டன. ஒரே நாளில் வாழ்நாள் அடிச் சராசரியில் அதுவரை முதலிடத்தில் இருந்த டை கொப்பின் 0.367 இரண்டாமிடத்துக்கு இறங்கியது. முதலிடம் கிப்சனின் 0.372க்கு. அவர் செத்து 77 வருடம்!

விளையாட்டு உலகின் விசித்திரங்களில் எனக்கு இதைவிடப் பெரியது இல்லை. மைதானத்தில் ஒரு பந்தும் வீசாமல் சாதனை கை மாறியிருக்கிறது. அதைச் செய்தது யாரோ பத்திரமாக வைத்திருந்த கடதாசி.

எங்களிடம் அந்தக் கடதாசி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? எண்பதுகளில் தொடங்கி இந்த மாவட்டத்துக் குடும்பங்கள் எத்தனை தரம் வீடு விட்டு ஓடின. ஓடியவர்கள் எடுத்தது அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும். ஸ்கோர் புத்தகத்தை யார் தூக்குவார்? 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்தது. கரையோர வீடுகளில் மிச்சமிருந்த கடதாசியும் நனைந்து போனது. போர் முடிந்த பிறகாவது எழுதினோமா என்றால் அதுவும் இல்லை. பாடசாலைகளில் எல்லே ஆடுகிறார்கள். பேஸ்போலுக்கு இங்கே கிட்டத்தட்டச் சொந்தக்கார ஆட்டம் அதுதான். பந்தை மூங்கிலால் அடித்துவிட்டு வட்டம் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம், ஓடும்போது பந்து மேலில் பட்டால் ஆள் அவுட். யார் எத்தனை சுற்று ஓடினார் என்று எங்கேயும் இருக்காது. ஒலிபெருக்கியில் வெற்றியாளர் பெயர் ஒலிக்கும், பரிசுக் கிண்ணம் அலுமாரிக்குப் போகும், அவ்வளவுதான்.

மென்பந்து ஆட்டத்துக்கெல்லாம் கணக்கு எதற்கு, அது தரமான கிரிக்கெட்டே இல்லை என்று சிலர் சொல்வார்கள். கறுப்பின லீக்குகளைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரியிலும் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மூதூர், கிண்ணியாக் கழகங்களிலும் எழுபது, எண்பதுகளில் ஆடியவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அவர்கள் அலுமாரிகளில் ஒரு பழைய ஸ்கோர் புத்தகம், ஒரு பத்திரிகை நறுக்கு, அணிப் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஓட்ட எண்ணிக்கை கட்டாயம் கிடக்கும். தயவுசெய்து அதை எடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடியுங்கள். படித்த பாடசாலை நூலகத்துக்கு ஒரு பிரதி, ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்க்கும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். கழகச் செயலாளர்மாரே, அடுத்த சுற்றுப்போட்டிக்குக் கிண்ணம் வாங்கும்போது நல்ல கட்டுப்போட்ட ஸ்கோர் புத்தகம் ஒன்றும் வாங்குங்கள், அதை எழுதும் பிள்ளைக்கு ஒரு கதிரையும் நிழலும் கொடுங்கள்.