தோலைப் பிரித்தல்

ஈரோட்டுப் பக்கம் உணர்வற்றவனைத் 'தோலு தடிச்சவன்' என்போம். அதாவது, தோலைச் சுவராகவே கட்டமைத்திருக்கிறோம். 1868இல் பெர்லின் மருத்துவ மாணவர் பவுல் லாங்கர்ஹான்ஸ் தங்கக் குளோரைடால் சாயமேற்றி, மேல்தோலில் கிளைவிட்ட செல்களைக் கண்டார், நரம்பென்று நினைத்தார். அவை நோயெதிர்ப்புச் செல்கள் என்று புரிய நூறாண்டுக்கு மேலாயிற்று.

இன்று ஆய்வகத்தில், அறுவைசிகிச்சையில் மீந்த தோலை உரியவரின் சம்மதத்தோடு பெறுகிறார்கள். டிஸ்பேஸ் என்னும் நொதி மேல்தோலை உரித்தெடுக்கிறது. கொலாஜினேஸ் அடித்தோலின் நாரைக் கரைக்கிறது. பிறகு வடிகட்டிப் பிரிப்பது. சிக்கல் இங்கேதான்: நொதி, செல்லின் மேற்பரப்பு அடையாளங்கள் சிலவற்றையும் வெட்டிவிடலாம். நொதி வேண்டாமென்றால், தோல்துண்டை ஊட்டக்கரைசலில் ரெண்டு நாள் போட்டுவைக்கலாம். செல்கள் தாமே வெளியேறி வரும். ஆனால் அதற்குள் முதிர்ந்து, வேறாகியிருக்கும்.

ஆகவே 'தூய' செல் என்பதும் ஒரு செய்முறையின் விளைவே என்கிறேன். தூய்மை என்ற சொல்லைச் சந்தேகிக்கப் பழகிய நாம் இங்கேயும் கேட்க வேண்டியது: எதை அறுத்துவிட்டு வந்தது இந்தத் தூய்மை?